போகும் வழி மட்டும் சொன்னவள்

கோரிப்பாளையத்தில் ஜெயினம்புவிடம் வழி கேட்பவர்கள் கொஞ்சம் தயாராக வர வேண்டும். அவள் வழி சொல்ல மாட்டாள், உத்தரவு போடுவாள். "தெக்கே போங்க, பாலம் ஏறி இறங்குங்க, கிழக்கே திரும்புங்க, மூணாவது கடை, அம்புட்டுதான்" என்பாள். வழி கேட்டவர் எது தெற்கு என்று முழித்தால் முதலில் அவளுக்கு ஆச்சரியம் வரும், பிறகு இரக்கம் வரும். திசை தெரியாமல் இந்த மனிதர் இத்தனை வயது வரை எப்படித்தான் சோறு தின்றார் என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பாள்.

அவள் மேல் தப்பில்லை. பிறந்தது கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் உள்ள சந்தில். படித்தது, நிக்காஹ் ஆனது, பிள்ளை பெற்றது எல்லாம் அதே வீட்டில். ஒரே மகள் என்பதால் அவளுடைய அம்மா அவளை வெளியே அனுப்பவில்லை. மாப்பிள்ளையை வீட்டோடு வரவழைத்துக்கொண்டார். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஜலால் என்ற மாப்பிள்ளை ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். இருபது வருஷம் ஆகிவிட்டது. அம்மா மவுத்தாகி நாலு வருஷம். வீட்டில் இப்போது ஜெயினம்பு, ஜலால், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் ஆஷிகா, மூன்றே பேர்.

காலை ஆறரை மணிக்கு வைகை வடகரை ரோட்டுக்குப் போனால் ஜெயினம்புவைப் பார்க்கலாம். கறுப்பு புர்கா, காலில் ஷூ, கழுத்தில் விசில். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பதினோரு வருஷத்தில் நானூறு பேருக்கு மேல் அவள் கையில் வண்டி பழகிப் போயிருக்கிறார்கள். டீச்சரம்மா, நர்ஸம்மா, மீன் விற்கும் அக்கா, பேரன் எடுத்த பிறகு ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. அவளுடைய முறை ஒன்றே ஒன்றுதான். வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், நீங்க பாட்டுக்குப் போங்க" என்று கத்திக்கொண்டே ஓடுவாள். ஆனால் கையை எப்போதோ எடுத்திருப்பாள். திரும்பிப் பார்க்கும் பெண்ணுக்கு ஐம்பது அடி தூரத்தில் இடுப்பில் கைவைத்தபடி ஜெயினம்பு நிற்பது தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு அவள் தேவையில்லை.

பழகுகிறவர்கள் ரோட்டில் மேலும் கீழும் போய் வரும் நேரத்தில் இவள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து போனில் கட்டைவிரலால் ஒரு நாவல் எழுதினாள். கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் மூன்று வருஷமாக, தினமும் இரண்டு பத்தி, ஒருநாள்கூட விடாமல் எழுதினாள். போன் செயலி ஒன்றில் தொடராகப் போட்டாள். அறுபத்திரண்டு அத்தியாயம். சிங்கப்பூரில் ஒரு பெண், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என்று ஐயாயிரம் பேர் வாசித்தார்கள்.

கதை இதுதான். ஏழுமதிலூர் என்று ஒரு ராஜ்ஜியம். சதுரத்துக்குள் சதுரமாக ஏழு மதில்கள். அங்கே கிணறுகள் பேசும். விடியற்காலையில் தண்ணீர் இறைக்கப் போகிறவளிடம் 'ராத்திரி தூங்கினாயா' என்று விசாரிக்கும் கிணறுகள். ஊரே ஒன்று சேர்ந்து ஒரு பொய் சொன்ன நாளிலிருந்து அவை வாய் மூடிக்கொண்டன. ஏழு வருஷமாகப் பேச்சில்லை, தண்ணீரும் கசந்துவிட்டது. மதில்களின் நிழல்கள் பகலிலேயே எழுந்து நடந்து ஆட்களை விழுங்குகின்றன. 'இந்த ஊருக்கு என்று ஒரு ஊர்க்காரன் கிடைத்த அன்று வாய் திறப்போம்' என்பதுதான் கிணறுகள் கடைசியாகச் சொன்ன சொல். எத்தனையோ பிள்ளைகள் பிறந்தும் அவை வாய் திறக்கவில்லை. அந்த நேரத்தில் பாலைவனம் தாண்டி தாரிக் என்ற இளைஞன் வாசலில் வந்து நிற்கிறான். ராணி ஜெய்த்தூன் அவனை உள்ளே அழைக்கிறாள். அவன் நிழல்களை வெல்கிறான், முடி சூடுகிறான், கிணறுகள் பேசுகின்றன. சுபம்.

சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் சரண்யாதேவி என்றொருவர் ஆசிரியராக இருக்கிறார். தொடரை முழுக்க வாசித்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். ஜெயினம்பு கட்டையிலிருந்து எழுந்து நின்று பேசினாள்.

"கிணறுங்க பேசுறது ரொம்பப் பிரமாதம் மேடம். புத்தகமா போடணும்னு ஆசைப்படறோம். ஆனா ஒரு குறை இருக்கு."

"சொல்லுங்க. எழுத்துப்பிழையா?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கலாம். உங்க தாரிக் ஊருக்குப் புதுசு. ஏழு மதில், எழுபது தெரு. அறுபத்திரண்டு அத்தியாயத்துல ஒரு தடவைகூட அவன் வழி தவறலை. யாரையும் வழி கேக்கலை. அந்த ஊர்லயே பொறந்தவன் மாதிரி நடக்கறான்."

"சதுரமான ஊருங்க அது. எப்படி வழி தவறும்?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "மதுரைக்காரங்களுக்குத் தவறாது மேடம். நான் உங்க ஊருக்கு மூணு தடவை வந்திருக்கேன். மூணு தடவையும் மாசி வீதில தொலைஞ்சேன்." பிறகு சரண்யாதேவி குரலை மாற்றிக்கொண்டு சொன்னார். "கடைசி அத்தியாயமும் நிக்கலை. தலைல கிரீடம் வெச்சா அவன் ராஜா ஆயிடுவான், ஊர்க்காரன் ஆயிடுவானா? கிணறு கேட்டது ஊர்க்காரனைத்தானே? வெளியிலேருந்து வந்தவன் எந்த நாள்ல ஊர்க்காரன் ஆகறான்? அது உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க. இருபத்தஞ்சு நாள் டைம். புத்தகக் காட்சிக்கு அச்சுக்குப் போகணும். இல்லேன்னா இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் எனக்கே நிச்சயமில்லை."

ஜெயினம்பு போனை வைத்தாள். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் வந்தது. அந்தப் பெண் சொன்னது சரி. மூன்று வருஷமாக ஒரு வெளியூர்க்காரனைப் பற்றி எழுதியவள் தன் வாழ்நாளில் ஒருநாள்கூட வெளியூர்க்காரியாக இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் புத்தகம் அவளுக்கு வேண்டும். நானூறு பெண்களை ரோட்டில் ஓடவிட்டவளுக்குத் தன்னுடையது என்று கையில் பிடிக்க ஒன்று வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

சரி, தொலைந்து பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். எதையும் செய்தே கற்றுக்கொள்கிறவள் அல்லவா. மறுநாள் வகுப்பை முடித்துவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, காளவாசல் தாண்டி வண்டியை மேற்கே விட்டாள். சோழவந்தான் பக்கம் போய், கால்வாய்க் கரையில் ஏறி, வயலுக்கு நடுவே கண்ட கண்ட மண்பாதையில் எல்லாம் வேண்டுமென்றே திரும்பினாள். அரை மணி நேரம் கழித்து வண்டியை நிறுத்திச் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பக்கம் நாகமலை படுத்துக்கிடந்தது. அந்தப் பக்கம் தூரத்தில் யானைமலை. நடுவில் எங்கே நிற்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு அவளிடம் வண்டி பழகிய ராமக்காள் வரப்பிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, எங்க இம்புட்டுத் தூரம்? என் வயலு இதுதான்னு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாது. தொலைஞ்சு போகலாம்னு வந்தேன்."

"நீங்களா?" என்றாள் ராமக்காள். அதற்கு மேல் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பை நிறைய வெண்டைக்காய் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு முன்னால் ஜெயினம்பு வீடு வந்து சேர்ந்துவிட்டாள்.

வெண்டைக்காயைக் கழுவிக்கொண்டே மகளிடம் புலம்பினாள். ஆஷிகா போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "அத்தாகிட்டக் கேளேன்மா. அவருதான வெளியூரு."

"உங்கத்தாவா வெளியூரு?"

"பின்ன, நீயா?"

ஜெயினம்பு வெண்டைக்காயும் கையுமாக நின்றுவிட்டாள். அவள் மறந்தே போயிருந்தாள்.

ஜலாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிம்மக்கல்லில் ஒரு மொத்தப் பழக்கடையில் சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறவர். அதிராத மனிதர். மனைவி வண்டி ஓட்டினால் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். கேலி செய்கிறவர்களிடம் "டிரைவர் வச்சுப் போறேன்" என்பார். வீட்டுக்கு வரும்போது வாசலில் நிற்பார். ஸலாம் சொல்லி, ஒரு கனைப்புக் கனைத்து, உள்ளேயிருந்து யாராவது "வாங்க" என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். அவருடைய சட்டைகள் பீரோவில் இல்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஃப்ரிட்ஜை அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை. தாகமென்றால் "தண்ணி இருக்கா?" என்று கேட்பார். இதையெல்லாம் ஜெயினம்பு சுபாவம் என்று நினைத்திருந்தாள். நல்ல சுபாவம் என்று பெருமையாகத் தோழிகளிடம் சொன்னதும் உண்டு.

இன்னொன்றும் உண்டு. உறவுக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'மூணு மணி நேர மாப்பிள்ளை' என்று பெயர். நிக்காஹ் முடிந்த ஐந்தாம் நாள் புர்காவில் குத்தும் பின் ஒன்று வாங்கிவரச் சொல்லி ஜெயினம்பு அவரை விளக்குத்தூணுக்கு அனுப்பினாள். போய்விட்டு வர மூன்று மணி நேரம். கடையில் கூட்டம் என்றார். பின் வாங்கவா அம்புட்டுக் கூட்டம் என்று வீடே உருண்டு சிரித்தது. இருபது வருஷமாக எந்த விசேஷத்திலும் அந்தக் கதை பிரியாணியோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது.

அன்று சாயங்காலம் கணவரிடம் நேராகவே கேட்டாள். "மச்சான், நீங்க இந்த ஊருக்கு வந்த புதுசுல எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஜலால்.

"வழி கிழி தெரியாம முழிச்சீங்களா?"

"அதெல்லாம் இல்ல."

அவள் யோசித்தாள். கைப்பிடியைத் தானும் பிடித்துக்கொண்டு ஓட்டச் சொன்னால் யாருக்கும் வண்டி வராது. கேள்வியை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு மூடியதும், "வாங்க, அன்னைக்கு பின்னு வாங்கப் போன வழியில நடந்துட்டு வருவோம். நீங்க முன்னால போங்க, நான் பேசல" என்றாள். ஜலால் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

பாலத்தைத் தாண்டினார்கள். சிம்மக்கல் வந்தது, வடக்கு வெளி வீதி வந்தது. வடக்கு மாசி வீதி முனையில் ஜலால் நின்றார்.

"நீ என்ன சொன்ன? 'தெக்கே போங்க, வடக்கு மாசி வீதி வரும், கிழக்கே திரும்பி, கீழ மாசி வீதியில தெக்கே இறங்குனா விளக்குத்தூண். கண்ணக் கட்டி விட்டாலும் போயிறலாம்.' அதான சொன்ன?"

"அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்ல. எங்க ஊர்ல கம்மாக்கரை தெரியும், கிழக்கு எதுன்னு கேக்க வேண்டியதில்ல. இங்க உச்சி வெயிலு, ரெண்டு பக்கமும் கட்டடம். நான் மேற்கே திரும்பிட்டேன்."

மேல மாசி வீதி, தெற்கு மாசி வீதி என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி எப்படியோ விளக்குத்தூணில் வந்து விழுந்திருக்கிறார். பின்னும் வாங்கிவிட்டார். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அதன் முன்னால் நின்று ஜலால் மெதுவாகச் சொன்னார்.

"நீ போற வழியத்தான் சொன்ன, ஜெயினம்பு. திரும்பி வர்ற வழியச் சொல்லல."

அவள் வாயைத் திறந்தாள். பேச மாட்டேன் என்று சொன்னது நினைவு வந்து மூடிக்கொண்டாள். எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருப்பாள். ஒருவருக்கும் திரும்பும் வழியைச் சொன்னதில்லை. போகத் தெரிந்தவனுக்கு வரத் தெரியாதா என்றுதான் அவளும் நினைத்தாள், இந்த ஊரும் நினைக்கிறது.

"வந்த வழியிலயே திரும்பியிருக்கணும். யாரோ இப்படிப் போனா பக்கம்னாங்க. திரும்புன தெருவெல்லாம் புதுசு. ஆவணி மூல வீதிங்கிறாங்க, சித்திரை வீதிங்கிறாங்க, எல்லாம் ஒண்ணு மாதிரியே திரும்புது. ரெண்டு தடவ அதே வாட்ச் கடைய பாத்தேன். கேக்கவும் வெக்கம். புது மாப்பிள்ளைச் சட்ட, கையில மருதாணி. அப்புறம் எப்படியோ சிம்மக்கல்ல வெளிய வந்து ஒரு பஸ்ல ஏறிட்டேன். மாட்டுத்தாவணி பஸ்ஸு."

"அது நம்ம தர்கா ஸ்டாப் வழியாத்தான போகும்?" அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"போச்சு. தர்காவ ஜன்னல் வழியா பாத்தேன். இறங்கல."

தெருவில் ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஜெயினம்பு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாட்டுத்தாவணியில மேலூர் பஸ் நின்னுச்சு. ஏறி உக்காந்துட்டேன். ஊருக்குப் போயிறலாம், இது நமக்கு ஆகாதுன்னு இருந்துச்சு. கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு." ஜலால் சட்டைப் பையைத் தொட்டுக்காட்டினார். "இதுல உன் பின்னு இருந்துச்சு. நான் கிளம்பும்போது உங்கம்மா கேட்டாங்க, 'சரியாப் போயிட்டு வந்துருவாரா'ன்னு. 'அதெல்லாம் வந்துருவாரு'ன்னு நீ உள்ள இருந்து சொன்ன. எம்புட்டுத் தைரியமாச் சொன்ன. அஞ்சு நாளா பாத்த ஆளப் பத்தி அப்படி ஒருத்தி சொல்றா. அதப் பொய்யாக்க எனக்கு மனசு வரல. ஓடுற பஸ்ல இருந்து இறங்குனேன்."

அந்த வார்த்தையைச் சொன்னதே ஜெயினம்புவுக்கு நினைவில்லை. யாரைப் பற்றியும், எதைப் பற்றியும் அப்படித்தான் அவள் சொல்வாள். அதை ஒருத்தர் நம்பி ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்திருக்கிறார்.

"வீட்டுக்கு வந்தா உள்ள ஒரே சிரிப்பு. என்னையப் பத்தித்தான். வாசல்லயே நின்னேன். யாராச்சும் வாங்கன்னு சொல்லட்டும்னு நின்னேன்" என்றார் ஜலால். அப்புறம் வழக்கம்போல ஆகிவிட்டார். "டீ சாப்பிடுவமா?"

அன்றிலிருந்து பத்து நாளில் அவள் இருபது அத்தியாயங்களைத் திருத்தி எழுதினாள். கட்டைவிரல் வீங்கியது. தாரிக் மதில்களுக்கு நடுவே தொலைந்தான். ஒரே ரசக் கண்ணாடிக் கடையை மூன்று முறை பார்த்தான். வழி கேட்க வெட்கப்பட்டு நிழல்களிடம் மாட்டினான். பாலைவனத்துக்குத் திரும்பும் ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டு, ராணி சொன்ன ஒரு சொல்லுக்காக இறங்கினான். ஏழு மதில்களுக்கும் படம் வரைந்து அதில் போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போட்டாள். எல்லாம் ஓடியது. கடைசி அத்தியாயம் மட்டும் அசையவில்லை. வெளியூர்க்காரன் எந்த நாளில் ஊர்க்காரன் ஆகிறான்?

அதையும் கேட்டுப் பார்த்தாள். "மச்சான், எப்ப உங்களுக்கு இது நம்ம வீடுன்னு தோணுச்சு?"

ஜலால் சிரித்தார். "அது கெடக்கு" என்று சொல்லிவிட்டு டவலை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அவர் பதில் சொல்லாததற்குக் காரணம் ஜெயினம்புவுக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்த நாள் இன்னும் வரவில்லை. இருபது வருஷமாக ஒரு மனிதர் தன் வீட்டு வாசலில் நின்று உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளும் தினம் "வாங்க" என்று பெரிய மனது பண்ணி உத்தரவு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். புத்தகம் போனால் போகட்டும் என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. பத்து நிமிஷம் கழித்து, ஏன் போக வேண்டும், இரண்டுக்கும் வழி ஒன்றுதானே என்று தோன்றியது. ஜெயினம்பு ஜெயினம்புதான்.

"இனிமே உங்கத்தா வந்தா யாரும் வாங்கன்னு சொல்லக் கூடாது" என்று லீவில் வீட்டிலிருந்த மகளிடம் கட்டளையிட்டாள்.

"அம்மா, பாவம்மா."

"பின்கம்பிய விட்டாத்தான் வண்டி வரும்."

முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்த ஜலால் ஸலாம் சொன்னார், கனைத்தார், நின்றார். உள்ளேயிருந்து ஸலாமுக்குப் பதில் வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, எதிர்ச்சந்தில் இருக்கும் டீக்கடைக்குப் போய்விட்டார். அன்று அவர் மதியச் சோறு சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்ற ஜெயினம்புவும் சாப்பிடவில்லை. ராத்திரிகளில் வாசற்கதவைப் பூட்ட வந்த ஆஷிகாவின் பின்னாலேயே உள்ளே வந்து படுத்தார். இரண்டாம் நாள் ஆஷிகா தெரியாமல் வெளியே வருவதுபோல வந்து அத்தாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள், அம்மாவிடம் திட்டும் வாங்கினாள். மூன்றாம் நாள் மறுபடி டீக்கடை. ஜெயினம்புவின் வாய் வரை அந்தச் சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மிக்ஸியைப் போட்டுவிட்டாள். எதையும் அரைக்கவில்லை, வெறும் மிக்ஸி ஓடியது. தப்புப் பண்ணுகிறோமோ என்ற பயம் அவளுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக அன்றுதான் வந்தது. சரண்யாதேவி கொடுத்த கெடுவில் இரண்டு நாள்தான் மீதி.

நாலாம் நாள் வெயில் கொளுத்தியது. ஜலால் ஸலாம் சொன்னார், கனைத்தார். இன்னும் பலமாகக் கனைத்தார். பிறகு வாசலில் செருப்பு இரண்டும் உதறி விழும் சத்தம் கேட்டது.

"இந்த வீட்ல எல்லாருக்கும் காது அடைச்சுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். முகம் சிவந்திருந்தது. "நாலு நாளா மனுசன் வெயில்ல நின்னு தொண்ட கிழியக் கனைக்கிறேன், என்ன ஏதுன்னு கேக்க ஒரு ஆளு இல்ல." ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டிலை எடுத்தார். அது காலி. "தண்ணியக் குடிச்சா பிடிச்சு வைக்கணும்னு தெரியாது? வெறும் பாட்டில யாருக்குக் குளிர வச்சிருக்கீங்க?"

ஆஷிகா பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவோ அழுதுகொண்டிருந்தாள். ஆனால் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள் ஆயிற்றே.

"காலியா இருந்தா நீங்க பிடிச்சு வைக்கிறது. உங்க வீட்டு ஃப்ரிட்ஜுதான?"

"ஆமா, என் வீட்டு ஃப்ரிட்ஜுதான். அதான் கேக்குறேன்" என்றார் ஜலால்.

சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பாட்டிலோடு அப்படியே நின்றார். பிறகு அவர் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து ஃப்ரிட்ஜில் வைத்தார். "சோறு போடுறியா, இல்ல அதுக்கும் நிக்கணுமா?" என்றார். ஜெயினம்பு முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவருடைய சட்டைகளை ஆணியிலிருந்து எடுத்து, பீரோவில் தன் புர்காக்களுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தாள்.

கடைசி அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினாள். தாரிக்கின் தலையில் கிரீடம் இல்லை. தாகத்தோடு வந்து கசந்த தண்ணீரைக் குடித்த அவன், கிணற்றடியில் நின்று சத்தம் போட்டான். 'ஏழு வருஷமாக என்ன பேசாமடந்தை வேஷம்? மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊருக்கு இது அழகா?' என்று கேட்டான். ராணி பயந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். அப்போது கிணறு பேசியது. 'வந்துவிட்டாயா?' என்று கேட்டது.

சரண்யாதேவி மறுநாளே கூப்பிட்டார். "அவன் திட்டற இடத்துல அழுதுட்டேன் மேடம்" என்றார். வரைபடத்தில் ஏன் இரண்டு கோடு, ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "அது ரெண்டும் இருக்கணும், இல்லன்னா புத்தகமே வேணாம்" என்றாள் ஜெயினம்பு. இரண்டும் இருந்தன.

புத்தகக்கட்டு வந்த அன்று ஜலால்தான் முதலில் பிரித்தார். இப்போதெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிடுகிறார். அட்டைப்படம் சரியில்லை என்றார், ஒட்டகத்துக்குக் கால் குட்டை என்றார், எழுத்து பொடிசாக இருக்கிறது என்றார். வீட்டில் இப்போது குறை சொல்ல அவருக்கு ஆயிரம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு நாளில் முழுக்க வாசித்தும் முடித்தார்.

"எல்லாம் போட்டிருக்க. தொலைஞ்சது, ஒட்டகத்துல ஏறுனது, இறங்குனது எல்லாம் இருக்கு. அந்தப் பின்னு மட்டும் எங்கயும் வரலையே?"

வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெயினம்பு கண்ணாடி முன்னால் நின்று புர்காவைச் சரிசெய்தாள்.

"அது எனக்கு வாங்கிட்டு வந்தது. ஊருக்கெல்லாம் எதுக்கு?" என்று சொல்லி, அந்தப் பின்னைக் குத்திக்கொண்டு, சாவியை எடுத்தாள்.